ஓல்ட் பெய்லி ஆன்லைன்: தீர்ப்போடு நின்றுவிடும் ஓர் அரிய ஆவணத் தளம்

லண்டன் நகரின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளை ஒன்றுதிரட்டி, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கும் இணையதளம் ‘ஓல்ட் பெய்லி ஆன்லைன்’. 2003இல் தொடங்கி 2008இல் முழுமை பெற்ற இத்தளத்தில் 1,97,745 வழக்குகள் உள்ளன. திருட்டு, கொலை, கள்ளநாணயம், ராஜத்துரோகம் என எல்லாம் இதில் உண்டு என்றாலும், நான் இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது ஒரே ஒரு கேள்விக்காகத்தான். குற்றம் செய்த வேளையில் சித்தசுவாதீனத்தோடு இல்லாத ஒருவரைச் சட்டம் என்ன செய்தது, எங்கே அடைத்தது, எத்தனைக் காலம் அடைத்தது என்பதே அந்தக் கேள்வி. அதில் முதல் பாதிக்கு இத்தளத்தைவிடச் சிறந்த துணை வேறில்லை. இரண்டாம் பாதிக்கு வரும்போது இது வாசகரைத் தீர்ப்பின் வாசலிலேயே விட்டுவிடுகிறது. மனநோய் வழக்குகளில் உண்மையான சிறைவாசம் தீர்ப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதால், இந்தக் குறையை அறிந்துகொண்டு உள்ளே நுழைவது மிகவும் அவசியம்.

தளத்தின் அடிப்படை வேலை நேர்த்தியானது. பழைய அச்சுப் பிரதிகளை இயந்திரத்தை மட்டும் நம்பி எழுத்தாக்கிவிடவில்லை. 1834க்கு முந்தைய பகுதியை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வழக்கோடும் மூல அச்சுப் பக்கத்தின் படமும் இணைக்கப்பட்டிருப்பதால், ஐயம் எழுந்தால் உடனே சரிபார்க்கலாம். குற்றத்தின் வகை, தீர்ப்பின் வகை, தண்டனையின் வகை, பாலினம், வயது, ஆண்டு என்று தேடலைக் குறுக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

மனநோய் சார்ந்த வழக்குகளைத் தேடுகிறவர்கள் இந்தப் பகுப்பைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1883க்கு முன்பு சித்தசுவாதீனமற்றவர் என்று ஜூரி முடிவு செய்தால், அவர் ‘குற்றவாளி அல்ல’ என்ற பிரிவில் வருவார். 1882இல் வின்சர் ரயில் நிலையத்தில் விக்டோரியா அரசியை நோக்கிச் சுட்ட ராடரிக் மெக்லீன் அவ்வாறு விடுவிக்கப்பட்டபோது, தன்னைக் கொல்ல முயன்றவன் எப்படிக் குற்றமற்றவன் ஆவான் என்று அரசி சினங்கொண்டார். மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, ‘குற்றவாளி, ஆயினும் சித்தசுவாதீனமற்றவர்’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆகவே 1883க்குப் பிந்தைய வழக்குகளைக் ‘குற்றவாளி’ என்ற பிரிவுக்குள் போய்த்தான் தேட வேண்டும். ஒரு பிரிவில் மட்டும் தேடுகிறவருக்குப் பாதி வரலாறு காணாமல் போய்விடும்.

தண்டனைப் பகுப்பில் இன்னொன்றையும் கவனிக்கலாம். சித்தசுவாதீனமின்மையால் அடைத்துவைக்கப்பட்டவர்களைத் தளத்தினர் ‘சிறை’ என்ற தலைப்பின் கீழேயே ஓர் உட்பிரிவாக வைத்திருக்கிறார்கள். விடுவிக்கப்பட்டவரின் பெயர் எதற்குத் தண்டனைப் பட்டியலில் வருகிறது என்று முதலில் படிப்பவருக்குக் குழப்பம் தோன்றலாம். நடந்த உண்மையை இந்தப் பகுப்பு நேர்மையாகச் சொல்கிறது என்பதே என் கருத்து.

சொல் தேடலுக்கும் சிறிது பயிற்சி வேண்டும். ‘இன்சேன்’, ‘லூனடிக்’ என்ற சொற்களை மட்டும் இட்டால், மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்ன பிற்கால வழக்குகளே அதிகம் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் அண்டை வீட்டாரும் வீட்டுக்காரம்மாக்களும் ‘அவுட் ஆஃப் ஹிஸ் சென்சஸ்’ என்பது போன்ற வழக்குமொழியில்தான் பேசினார்கள். அத்தகைய தொடர்களை இட்டுத் தேடும்போது, மருத்துவம் நீதிமன்றத்துக்குள் வருவதற்கு முன் எளிய மக்கள் மனநோயை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பது அவர்கள் வாய்மொழியிலேயே தெரியவருகிறது. தளத்தின் மிகப் பெரிய செல்வம் இதுதான். சட்ட நூல்கள் தரும் சுருக்கத்தில் இந்தக் குரல்கள் ஒருபோதும் கேட்பதில்லை.

ஜான் பெல்லிங்ஹாமின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1812 மே 11 அன்று மக்களவையின் முகப்புக் கூடத்தில் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலைச் சுட்டுக் கொன்ற வணிகர் அவர். ரஷ்யாவின் ஆர்க்காஞ்சல் நகரில் தாம் அநியாயமாகச் சிறை வைக்கப்பட்டதற்குப் பிரிட்டிஷ் அரசு இழப்பீடு தரவில்லை என்ற ஆற்றாமை அவருக்கு இருந்தது. மே 15 அன்று விசாரணை நடந்தது. மே 18 அன்று தூக்கிலிட்டார்கள். கொலைக்கும் தூக்குக்கும் இடையே ஒரு வாரம் மட்டுமே. அவருடைய மனநிலையை அறிந்த சாட்சிகளை லிவர்பூலிலிருந்து வரவழைக்க அவகாசம் வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது, அது மறுக்கப்பட்டது. இத்தளத்திலுள்ள குறிப்பில் தையற்காரர் ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. மேற்சட்டையின் இடது உட்புறத்தில், ஏறத்தாழ 9 அங்குல ஆழத்தில், கைக்கு எளிதில் எட்டும்படி ஒரு பை தைத்துத் தரச் சொன்னார் என்று அவர் சொல்கிறார். அரசுத் தரப்புக்கு அந்தப் பை திட்டமிட்ட கொலைக்கான சான்று. அதே குறிப்பில், பெல்லிங்ஹாமைச் சிறுவயது முதல் அறிந்த பெண் ஒருவர் அவருடைய தந்தை புத்தி பேதலித்து இறந்ததைச் சொல்கிறார். அவர் தங்கியிருந்த வீட்டின் பணிப்பெண்ணும் வந்து, கடைசி நாட்களில் அவர் மனம் குழம்பியிருந்ததாகச் சொல்கிறார். இரண்டு வகைச் சாட்சியங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதைப் படிக்கும்போது, திட்டமிட்டுச் செயல்படும் ஒருவருக்கு மனநோய் இருக்க முடியாது என்ற அக்கால நம்பிக்கை எவ்வளவு வலுவாக இருந்தது என்பது புரிகிறது. பெல்லிங்ஹாமே தம்மைப் பைத்தியம் என்று சொல்வதை ஏற்கவில்லை என்பதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

இந்தத் தளத்தின் பயனை முழுமையாக உணர, இரண்டு வழக்குகளை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும்படி எல்லோரிடமும் சொல்வேன். முதலாவது எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் வழக்கு. மதுக்கடையில் வேலை செய்துவந்த 18 வயது இளைஞன், 1840 ஜூன் 10 அன்று கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாலையில் விக்டோரியா அரசியின் வண்டியை நோக்கி இரண்டு கைத்துப்பாக்கிகளால் சுட்டான். துப்பாக்கிகளில் குண்டு இருந்ததா, வெறும் மருந்துதானா என்பதே கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. ஜூலையில் நடந்த விசாரணையில் அவனுடைய தாய் அளித்த சாட்சியம் இத்தளத்தில் விரிவாக இருக்கிறது. தாம் மணக்க மறுத்தபோது கணவர் பணத்தாள் கற்றையைத் தம் கண்முன்னே எரித்ததையும், வீட்டுக்கூடத்துக்குள்ளேயே குதிரையை ஓட்டி வந்ததையும் அந்தத் தாய் விவரிக்கிறார். மகன் காரணமின்றிச் சிரிப்பதும் அழுவதுமாக இருந்தான் என்கிறார். ஜான் கொனாலி, தாமஸ் ஹாஜ்கின் போன்ற புகழ்பெற்ற மருத்துவர்கள் வந்து அவனுக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று சொன்னார்கள். ஜூரி ஏற்றுக்கொண்டது. பையன் தூக்கிலிருந்து தப்பினான்.

இரண்டாவது, 1850இல் நடந்த ராபர்ட் பேட்டின் வழக்கு. ராணுவத்திலிருந்து விலகிய அதிகாரியான பேட், அந்த ஆண்டு ஜூன் 27 அன்று அரசியின் தலையில் கைத்தடியால் அடித்தார். அவர் நாள் தவறாமல் ஒரே நேரத்தில் ஒரே வழியில் வாடகை வண்டியில் போய், புட்னிப் பக்கத்துத் திடலில் இறங்கி முட்புதருக்குள் பாய்ந்து திரும்பி வருவார் என்று வண்டியோட்டி சாட்சி சொன்னார். அவரிடமும் மனநோயின் அறிகுறிகள் இருந்தன என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நீதிபதி ஆல்டர்சன் அதை ஏற்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஏழு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது.

தளத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டின் பக்கத்தில் விடுதலை என்றும் பேட்டின் பக்கத்தில் தண்டனை என்றும் பார்க்கிறோம். பின்னர் நடந்ததோ நேர் எதிரானது. பேட் டாஸ்மேனியாவில் தண்டனைக் காலத்தை முடித்துச் சுதந்திர மனிதராக இங்கிலாந்து திரும்பினார். விடுவிக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு லண்டனின் மனநோய் மருத்துவமனையான பெத்லமில் 24 ஆண்டுகளும், பிறகு குற்றவியல் மனநோயாளர்களுக்கான பிராட்மூர் காப்பகத்தில் 1867 வரையிலும் அடைபட்டிருந்தார். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகளைக் கற்றார், வயலின் வாசித்தார், சுவர்களுக்கு வண்ணம் பூசும் தொழிலில் தேர்ந்தார். அவரிடம் மனநோய் எதுவும் காணப்படவில்லை என்று மருத்துவர்களே எழுதிவைத்தும் ஆண்டுகள் ஓடின. நாட்டைவிட்டு வெளியேறி இனி ஒருபோதும் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவருக்குக் கதவு திறந்தது. மெல்போர்னில் வேறு பெயரில் வாழ்ந்து 1900இல் இறந்தார். 18 வயதில் உள்ளே போனவர் 45 வயதில் வெளியே வந்திருக்கிறார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பின் பேரில் இந்த 27 ஆண்டுகள் நடந்தன என்பதைத் தளத்தின் எந்த வரியும் நமக்குச் சொல்வதில்லை.

இப்படி அடைத்துவைக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், இன்னொரு இடைவெளி எதிர்ப்படுகிறது. 1800 மே 15 அன்று ட்ரூரி லேன் அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டின் வழக்குதான் அதன் தொடக்கம். போரில் தலையில் வாள்வெட்டுப் பட்ட படைவீரர் அவர். அரசின் கையால் தாம் இறந்தால் உலகுக்கு இரட்சிப்பு கிட்டும் என்று நம்பினார். தாமஸ் எர்ஸ்கினின் வாதத்தால் விடுவிக்கப்பட்டார். விடுவித்தவரை வெளியே விடுவதா என்ற அச்சத்தில், சில வாரங்களுக்குள் குற்றவியல் மனநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. மனநோய் காரணமாக விடுவிக்கப்படுபவரை மன்னரின் விருப்பம் தெரியும்வரை கடுங்காவலில் வைக்கலாம் என்றது அச்சட்டம். ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்த ஹாட்ஃபீல்டுக்கும் அது பின்தேதியிட்டுப் பொருந்தும்படி எழுதப்பட்டது. அவர் 1841இல் இறக்கும்வரை, இடையே ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டதைத் தவிர, வெளியுலகைக் காணவில்லை. கால எல்லையற்ற காவலின் வேர் இந்த வழக்கு. ஆனால் இது ராஜத்துரோக வழக்காக மன்னர் அமர்வு நீதிமன்றத்தில் நடந்ததால், ஓல்ட் பெய்லி குறிப்புகளில் இடம்பெறவில்லை. ஹாட்ஃபீல்டின் பெயரை இட்டுத் தேடிவிட்டுத் தளம் பழுதாகிவிட்டதோ என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. தளத்தின் பழுது அல்ல. அந்த நீதிமன்றத்தின் எல்லை அவ்வளவே. அரசு வழக்குகளின் அச்சுத் தொகுப்பில் அதைத் தேட வேண்டும். மெக்லீனின் விசாரணையும் ரெடிங் நகரில் நடந்ததால் இங்கே கிடைக்காது.

எல்லோரும் தேடி வருகிற டேனியல் மெக்நாட்டன் வழக்கு இங்கே இருக்கிறது. கிளாஸ்கோவில் மரக்கடைசல் தொழில் செய்துவந்த அவர், 1843 ஜனவரி 20 அன்று பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரமண்டை முதுகில் சுட்டார். டிரமண்ட் ஐந்து நாளில் இறந்தார். பீலின் டோரி கட்சியினர் தம்மைப் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்பது மெக்நாட்டனின் நம்பிக்கை. தம்மை ஒற்றர்கள் தொடர்வதாகக் கிளாஸ்கோ அதிகாரிகளிடம் அவர் பலமுறை போய் முறையிட்டதை, அந்த அதிகாரிகளே கூண்டில் ஏறிச் சொல்கிறார்கள். உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிய கதையை அனுப்பியவர்கள் வாயாலேயே கேட்கும் அந்தப் பக்கங்கள் என்னை மிகவும் வருத்தின. பெயரின் எழுத்துக்கூட்டு ஆவணத்துக்கு ஆவணம் மாறுபடுவதால், அவர் பெயரை விட்டுவிட்டு டிரமண்டின் பெயரையும் 1843ஆம் ஆண்டையும் இட்டுத் தேடுவது எளிது. வழக்கெண்ணில் இருப்பது அமர்வு தொடங்கிய பிப்ரவரி 27. விசாரணை நடந்தது மார்ச் 3, 4 தேதிகளில். மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஓல்ட் பெய்லி குறிப்புகள் சாட்சியங்களைப் பெரிதும் காத்துத் தந்தாலும், வழக்கறிஞர்களின் வாதவுரைகளையும் நீதிபதியின் தொகுப்புரையையும் பெரும்பாலும் சுருக்கிவிடும் அல்லது விட்டுவிடும். அலெக்ஸாண்டர் காக்பர்ன் மெக்நாட்டனுக்காக ஆற்றிய நெடிய உரையே வழக்கின் போக்கைத் திருப்பியது. தலைமை நீதிபதி டிண்டல் விசாரணையை இடையிலேயே நிறுத்தி, ஜூரியின் முடிவைக் கேட்டார். தீர்ப்பால் எழுந்த கொந்தளிப்பில் பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் ஐந்து கேள்விகள் கேட்டது. அவ்விடைகளே மெக்நாட்டன் விதிகள் ஆயின. செய்யும் செயலின் தன்மையை அறியாதவராகவோ, அது தவறு என்று அறியாதவராகவோ இருந்தால் மட்டுமே ஒருவருக்குப் பாதுகாப்பு என்று அவை சொல்லின. இந்த விதிகள் பிறந்த இடமும் தளத்துக்கு வெளியேதான். மெக்நாட்டன் பெத்லமிலும் பிராட்மூரிலுமாக 22 ஆண்டுகள் இருந்து 1865இல் இறந்தார்.

தளத்தின் தண்டனைக் குறிப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு 1872இன் கிறிஸ்டியானா எட்மண்ட்ஸ் வழக்கு சான்று. பிரைட்டன் நகரில் சாக்லேட்டில் நஞ்சு கலந்து ஒரு சிறுவனின் சாவுக்குக் காரணமானவர் அவர். குடும்பத்தில் மனநோய் தொடர்ந்து வந்ததைத் தாய் சொல்லியும் ஜூரி ஏற்கவில்லை. தளத்தில் மரண தண்டனை என்றே இருக்கும். தீர்ப்புக்குப் பிறகு உள்துறை அமைச்சர் அனுப்பிய மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து மனநோயாளி என்று கூற, தூக்கு நிறுத்தப்பட்டு அவர் பிராட்மூருக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே 1907இல் இறந்தார்.

நம் வாசகர்களுக்கு இது அயல்நாட்டுப் பழங்கதை அல்ல. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் மெக்நாட்டன் விதிகளின் சாரத்தை ஏற்றுக்கொண்டது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலும் அதுவே தொடர்கிறது. அவ்வாறு விடுவிக்கப்படுபவரைப் பாதுகாப்புக் காவலில் வைக்கலாம் என்ற ஏற்பாடும் நம் நடைமுறைச் சட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. பீகாரின் ருதுல் சா 1968இல் விடுவிக்கப்பட்டும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு மனநிலை சரியில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் அதை நம்ப மறுத்து, 1983இல் அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் வழக்கைப் படித்துவிட்டு அந்தத் தீர்ப்பைப் படிக்கிற சட்ட மாணவர், தாமாகவே பல கேள்விகளைக் கேட்கத் தொடங்குவார்.

பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சில செய்திகள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் தொடக்கத்தில் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். சாட்சியங்கள் பேச்சுநடையில் இருப்பதால் இரண்டு மூன்று வழக்குகளுக்குள் பழகிவிடும். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குத் தரவுகளைத் தரவிறக்கிக்கொள்ள அனுமதி உண்டு. ஓல்ட் பெய்லியில் 1780க்குப் பிறகு தண்டனை பெற்ற ஏறத்தாழ 90,000 பேரின் வாழ்க்கைத் தடங்களைத் தொடரும் ‘டிஜிட்டல் பனாப்டிகான்’ என்ற துணைத் தளமும் இருக்கிறது. நாடுகடத்தப்பட்டவர்களையும் சிறை சென்றவர்களையும் தேட அது மிகவும் உதவும்.

மனநோய் வழக்குகளுக்காக மட்டும் மதிப்பிடச் சொன்னால், தயக்கமின்றி இத்தளத்தைப் பரிந்துரைப்பேன். ஆனால் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பெத்லமின் நோயாளர் பதிவேடுகள் அம்மருத்துவமனையின் காப்பகத்திலும், பிராட்மூரின் பழைய ஆவணங்கள் பெர்க்ஷயர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. சித்தசுவாதீனமின்மை என்று முடிந்த ஒவ்வொரு வழக்கின் அடியிலும், அந்த மனிதர் எங்கே கொண்டுபோகப்பட்டார், எந்த ஆண்டு வெளியே வந்தார் அல்லது உள்ளேயே இறந்தார் என்று ஒரு வரியும், அந்தக் காப்பகப் பதிவுக்கான சுட்டியும் சேர்த்தால் போதும். எல்லா வழக்குகளுக்கும் ஒரே நாளில் இயலாது என்றால், 1800 முதல் 1867 வரையிலான வழக்குகளிலிருந்து தொடங்கலாம்.